கோப்புப் பாதையைப் பகுத்தறிதல்

கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரி உண்டு. அதனைக் கோப்புப் பாதை என்பர். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸிலும், அதனைப் பின்பற்றி எழுந்த லினக்ஸிலும், பாதையின் பகுதிகளைச் சாய்கோடு பிரித்துக் காட்டுகின்றது. சான்றாக,

/பள்ளி/2023/தமிழ்/மதிப்பெண்

என்னும் பாதையைக் கொள்வோம். இதிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்தெடுப்பது எங்ஙனம்?

'கட்' என்னும் கருவி இதற்கு உதவும். சாய்கோடே பிரிகுறி என்றும், மூன்றாம் பகுதி வேண்டும் என்றும் கட்டளையிட்டால் 2023 கிடைக்கும். ஆண்டு இரண்டாவதாக அன்றோ உள்ளது என ஐயம் எழலாம். முதற் சாய்கோட்டுக்கு முன் எழுத்து ஒன்றும் இல்லை. எனினும் அவ்வெற்றிடத்தையும் கருவி ஒரு பகுதியாக எண்ணும். புதிதாகக் கற்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இடமிருந்து எண்ணும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. இடையில் ஒரு கோப்புறை கூடினால் அதற்குப் பின்னுள்ள எண்கள் யாவும் மாறிவிடும். கோப்பின் பெயரோ எப்பொழுதும் இறுதியிலேயே நிற்கும். ஆதலின் அதனை வலமிருந்து எண்ணுதலே முறை. 1977ஆம் ஆண்டில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கிய 'ஆக்' கருவியில் 'என்.எஃப்.' என்பது பகுதிகளின் மொத்த எண்ணிக்கையைக் குறிக்கும். அவ்வெண்ணுக்குரிய பகுதியைக் கேட்டால் பெயரும், அதில் ஒன்று குறைத்துக் கேட்டால் அதற்கு முந்திய கோப்புறையும் கிடைக்கும். பெயர் மட்டும் போதுமெனில் 'பேஸ்நேம்' என்னும் எளிய கருவியும், பெயர் நீங்கிய பாதை வேண்டுமெனில் 'டிர்நேம்' கருவியும் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தமிழ்' கோப்புறையிலும் 'கணிதம்' கோப்புறையிலும் 'மதிப்பெண்' என்ற கோப்பே இருக்கலாம். பெயரை மட்டும் பிரித்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்திற்குப் படியெடுத்தால், பின்னது முன்னதை அழித்துவிடும். கருவி பொதுவாக நம்மைக் கேட்பதுமில்லை. ஓராண்டுப் பதிவு ஓசையின்றி மறைந்துபோகும்! ஊரில் முருகன் இருவர் இருப்பின், தந்தையின் பெயரெழுத்தை முன்னிட்டு வேறுபடுத்துகிறோம் அல்லவா? அதுபோலவே முந்திய கோப்புறையின் பெயரையும் சேர்த்துத் 'தமிழ்-மதிப்பெண்', 'கணிதம்-மதிப்பெண்' என அமைத்தல் வேண்டும். பல ஆண்டுப் பதிவுகளாயின் ஆண்டையும் சேர்த்தல் நலம்.

எப்பகுதியை எடுப்பது என்பதைக் காட்டிலும், எப்பகுதியை விட்டால் பொருள் கெடும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தலே அறிவுடைமையாகும்.