மின்பிறப்பாக்கி இருந்தும் இருள் ஏன்?

மின்சாரம் தடைப்பட்டதும் சாவகச்சேரிக் கடைத்தெருவில் முதலில் எழுவது சிறு மின்பிறப்பாக்கிகளின் இரைச்சலே. அதனைத் தொடர்ந்து எழும் கேள்வியும் புதிதன்று. சுன்னாகத்தில் மின்நிலையம் இருக்கையில் குடாநாடு ஏன் இருளில் மூழ்க வேண்டும்?

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு அந்த இருளைப் பற்றி நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. பின்னர் நீண்ட காலம் டீசலிலும் உலை எண்ணெயிலும் இயங்கிய இயந்திரங்களே எமக்கு ஒளி தந்தன. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே வன்னியூடாக உயரழுத்த மின்வழி மீண்டும் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 2013 இல், இலங்கை மின்சார சபை நிறுவிய சுமார் 24 மெகாவாற் வலுக்கொண்ட 'உத்துரு ஜனனி' நிலையமும் சுன்னாகத்தில் இயங்கத் தொடங்கியது.

மின்வழி வந்ததோடு இந்நிலையத்தின் பணியும் மாறியது. மலிவான மின்சாரத்தை முதலில் பெறுவதே மின்வழங்கலின் நடைமுறை. நீர்மின்சாரமும் நிலக்கரி மின்சாரமும் கிடைக்கும்போது எண்ணெயை எரிப்பது வீண்செலவாகும். ஆகவே இத்தகைய நிலையங்கள் மாலை நேர உச்சத் தேவைக்கும், வரட்சிக் காலத்திற்கும், மின்வழி பழுதடையும் வேளைக்கும் காத்திருக்கும் காவலர்களாகின்றன.

காவலரும் உடனே எழுந்துவிடுவதில்லை. தடித்த உலை எண்ணெயைச் சூடாக்கினாலன்றி அது இயந்திரத்தினுள் ஓடாது. சூடாக்கவும் இயந்திரத்தைச் சுழற்றவும் வேறு வலு வேண்டும். முழு நாடும் இருண்ட வேளையில், 2025 பெப்ரவரி 9 இல் நிகழ்ந்தது போன்ற தடையின்போது, இயந்திரம் இயங்கினாலும் எல்லா ஊர்களையும் ஒரே கணத்தில் இணைக்க முடியாது. சுமை திடீரென ஏறினால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். ஊர் ஊராகவே இணைக்க வேண்டும். வைத்தியசாலைக்கும் நீர் வழங்கலுக்கும் முன்னுரிமை கொடுத்தால் ஏனைய இடங்கள் காத்திருக்க நேரும்.

எண்ணெய் இல்லாவிடின் இயந்திரம் வெறும் இரும்பே. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதற்கு எரிபொருள் பற்றாக்குறையும் ஒரு முக்கிய காரணம் என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய செலவொன்றைச் சுன்னாகம் மக்கள் சுமந்தனர். அங்கு இயங்கிய நொதேர்ன் பவர் என்ற தனியார் நிலையம் மின்சார சபைக்கு மின்சாரம் விற்றது. அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கிணறிருக்க, குடிநீருக்காகப் பவுசரை எதிர்பார்த்து மக்கள் நின்றனர். 2019 ஏப்ரல் 4 இல் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவைப் பொறுக்க வேண்டுமெனக் கூறி, இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு அந்நிறுவனத்திற்குக் கட்டளையிட்டது. எனினும் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுள் இறங்கிய எண்ணெயைக் கட்டளையால் வெளியே எடுக்க முடியாது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரே எமது முதன்மையான சேமிப்பு.

ஆதலால் இனி ஒரு மின்பிறப்பாக்கி நிறுவப்படும்போது, அலகொன்றின் விலையோடு கழிவெண்ணெய் எங்கே செல்கிறது, அயற்கிணறுகளை யார் எப்போது பரிசோதிப்பர், அதன் முடிவு எந்தப் பலகையில் மக்களுக்குத் தெரிவிக்கப்படும் என்பனவும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று நாம் கேட்கின்றோம். தென்மராட்சியை அடுத்துள்ள பளைப் பகுதியில் காற்றாலைகள் 2014 முதல் சுழல்கின்றன. காற்று ஓய்ந்த இரவில் எண்ணெய் இயந்திரத்தின் தேவையை எவரும் மறுக்கவில்லை. அந்த இரவுகள் எத்தனை என்பதை மின்வழங்குவோர் ஆண்டுதோறும் வெளியிட்டால், எரித்த எண்ணெய்க்கும் கணக்குக் கிடைக்கும்.