குடியிருப்போர்க்கு ஒரு துணை

1973ஆம் ஆண்டு. வெள்ளவத்தையிலே, கடற்கரைப் புகையிரதப் பாதைக்கு அண்மையிலுள்ள ஒழுங்கையொன்றில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். ஐயாவின் சுகவீனத்தால் 2 மாத வாடகை நிலுவையாயிற்று. ஒருநாள் வீட்டுக்காரரிடமிருந்து ஆங்கிலத்திலே தட்டச்சிட்ட கடிதமொன்று வந்தது. மாத முடிவில் வீட்டைவிட்டு நீங்குதல் வேண்டுமாம். அம்மா அன்றிரவே பெட்டிகளைக் கட்டத் தொடங்கிவிட்டார். ஊருக்குத் திரும்பினால் என் படிப்பு என்னாகும் என்பதே எனது ஏக்கம்.

பக்கத்து வீட்டிலிருந்த பிறக்கிராசியார் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின்படி, நியம வாடகை 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டில் 3 மாத நிலுவை ஏற்பட்டாலன்றி, நிலுவையைக் காரணங்காட்டி வெளியேற்ற வழக்குத் தொடர இயலாதென விளக்கினார்.

"வாத்தியார், பெட்டியை அவிழ்க்கச் சொல்லுங்கோ" என்றார்.

சட்டம் இருந்தது, நாங்கள்தாம் அதனை அறிந்திருக்கவில்லை. அவ்வீட்டில் வேறெவரேனும் குடியிருந்திருப்பின், சட்டமிருந்தும் நாங்கள் தெருவிலே நின்றிருப்போம்.

நியூயோர்க் நகரின் ஏற்பாடொன்றைப் பற்றி அண்மையிற் படித்தபோது இந்நினைவு மீண்டும் எழுந்தது. அந்நகரின் வீட்டுவழக்கு நீதிமன்றிலே வீட்டுக்காரர் பக்கத்திற் பெரும்பாலும் சட்டத்தரணி ஒருவர் நிற்பார். குடியிருப்போருள்ளோ, 2013ஆம் ஆண்டில், நூற்றுக்கு ஒருவருக்கே அத்துணை வாய்த்தது. வழக்கு அழைக்கப்படுமுன் நடைக்கூடத்திலேயே, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீட்டிய தாளிற் பலர் ஒப்பமிட்டுச் சென்றனர். 2017ஆம் ஆண்டின் சட்டத்தால், வருமானங் குறைந்த குடியிருப்போருக்கு நகரமே சட்டத்தரணியை இலவசமாக அளிக்க முன்வந்தது. அமெரிக்க நகரங்களுள் இதனை முதலிற் செய்தது அதுவே. அவ்வாறு துணைபெற்றோருள் 84 வீதமானோர் தத்தம் வீடுகளிலேயே தொடர்ந்திருந்தனர் என நகர அலுவலகத்தின் அறிக்கை கூறிற்று.

பிலடெல்பியா நகரமோ 2020இல் இன்னொரு வழியைக் கைக்கொண்டது. நிலுவைக்காக வழக்குத் தொடருமுன், இணக்குவிப்பவர் ஒருவரின் துணையோடு இருசாராரும் பேசித் தீர்க்க முயலுதல் வேண்டும். எனக்கு இதுவே மேலாகத் தோன்றுகின்றது. வழக்கு ஒருமுறை பதிவாகிவிட்டால், தீர்ப்பு எவ்வாறாயினும், அடுத்த வீடு தேடும்போது அப்பதிவு குறுக்கே நிற்கக்கூடும். வீட்டுக்காரரெல்லாம் செல்வந்தருமல்லர், ஒரு வீட்டு வாடகையையே நம்பி உலைவைத்த கைம்பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

நியூயோர்க்கின் ஏற்பாடும் குறையற்றதன்று. கொள்ளைநோய்க் காலத் தடை 2022 சனவரியில் நீங்கியதும் வழக்குகள் பெருகின, சட்டத்தரணிகள் போதவில்லை, உரிமையிருந்தும் பலர் தனித்தே நீதிமன்றில் நின்றனர். மேலும், சட்டத்தரணி வாதிடுவாரேயன்றி, வாடகை நிலுவையைக் கட்டுவாரல்லர்.

ஐயாவும் நிலுவையைத் தவணை முறையிற் கொடுத்தே தீர்த்தார். பிறக்கிராசியார் எழுதிக்கொடுத்த பதிற்கடிதத்துக்கு மறுமொழி வரவேயில்லை. கடைசித் தவணையைப் பெற்றுக்கொண்ட வீட்டுக்காரர், பற்றுச்சீட்டை எழுதியபடியே, குசினிக் கூரை இன்னும் ஒழுகுகின்றதா என்று விசாரித்தார்.