மடையானுக்கு வராத காய்ச்சல்

மீமிசலிலிருந்து ஆவுடையார்கோயில் பக்கம் போனால், நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல்களில் மடையான் கொக்கு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் இந்தப் பறவையின் ரத்தத்தில் பெருகினாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மூளை பாதிக்கப்படுவது பெரும்பாலும் குதிரைக்கும் மனிதருக்கும்தான். மாணிக்கவாசகரின் குதிரைக் கதை வழங்கும் இந்தப் பகுதியில் இன்று குதிரை என்றால் அய்யனார் கோயில் மண்குதிரைதான். ஆகவே இங்கே நம் கவலை குழந்தைகளைப் பற்றியது.

1935-இல் ஜப்பானில் இறந்துபோன ஒருவரின் மூளையிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் குதிரையிடமும் கண்டார்கள். இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1955-இல், வேலூரில்.

பரப்புவது சாக்கடைக் கொசு அல்ல, வயல் கொசு. க்யூலெக்ஸ் விஷ்ணுயி வகையைச் சேர்ந்த இவை நெல்வயல் தண்ணீரில் முட்டைகளைத் தெப்பம்போல் ஒட்டி இட்டு, பொழுது சாய்ந்தபின் கடிக்கவரும். இவற்றுக்கு மாட்டின் ரத்தம்தான் விருப்பம். ஆனால் மாட்டின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. பன்றியிடம் அபாரமாகப் பெருகும். ஒவ்வோர் ஈற்றிலும் எதிர்ப்புசக்தி இல்லாத புதுக் குட்டிகள் வருவதால் அதற்குப் பஞ்சமே இல்லை.

கொக்கு, கொசு, பன்றி என்று வைரஸ் சுற்றும் இந்தச் சுழற்சிக்குக் குதிரையும் மனிதரும் வெளியே. நம்மைக் கடிக்கும் கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும் அளவுக்கு நம் ரத்தத்தில் வைரஸ் சேர்வதில்லை. தொற்றுக்கு ஆளாகும் சுமார் 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றும். அப்படி முற்றியவர்களில் 30 சதவீதம் வரை இறக்கலாம். பிழைத்தவர்கள் பலருக்கு வலிப்போ, கைகால் முடக்கமோ ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது.

ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும். பிழை சேரச் சேரப் புது வகை உண்டாகும். இந்தோனேசியா–மலேசியா வட்டாரத்தில் தோன்றியதாகக் கருதப்படும் இதில் இப்போது ஐந்து மரபுவகைகள். ஆசியாவில் நெடுங்காலம் ஓங்கியிருந்த மூன்றாம் வகையை 1990-களுக்குப் பின் பல நாடுகளில் முதலாம் வகை பின்னுக்குத் தள்ளியது. 2022-இல் நான்காம் வகை ஆஸ்திரேலியப் பன்றிப்பண்ணைகளுக்குள் புகுந்தது. புழக்கத்தில் உள்ள தடுப்பூசிகளோ மூன்றாம் வகையிலிருந்து செய்தவை. மற்ற வகைகளுக்கு எதிராக அவை எவ்வளவு காக்கும் என்பதை விடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தட்டம்மையில் ஊரே ஊசி போட்டுக்கொண்டால் போடாத பிள்ளையும் தப்பும், ஏனென்றால் அது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஊசி போட்டிருந்தாலும், கொக்குக்கும் பன்றிக்கும் இடையே வைரஸ் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். விட்டுப்போன ஒரு பிள்ளைக்கு ஆபத்து கொஞ்சமும் குறையாது.