மாநாட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஏதேனும் ஒரு சாப்ட்வேரைத் திறந்துவிட்டு, "இதை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? நமக்கு வேண்டியது இதில் இல்லையே!" என்று அலுத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் தவறு உங்கள் மீது இல்லை. பயன்படுத்துபவருக்கு என்ன தேவை என்பதை யாரோ சரியாகக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டு, அதைப் புரோகிராமருக்குப் புரியும்படி எழுதித் தருபவருக்குத்தான் பிசினஸ் அனலிஸ்ட் என்று பெயர். கடைக்காரர் பேசுவது புரோகிராமருக்குப் புரியாது. புரோகிராமர் பேசுவது கடைக்காரருக்குப் புரியாது. இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது இவர் வேலை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். திருச்சியில் ஒரு சிறிய நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்து, பிறகு இந்த வேலைக்கு மாறினேன். எனக்குக் கிடைத்த முதல் பணி, ஒரு வாழை மண்டிக்கு பில் போடும் சாப்ட்வேர். மண்டி முதலாளியிடம் போனில் அரை மணி நேரம் பேசினேன். பொருள், எடை, விலை, தொகை என்று அழகாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் சாப்ட்வேர் தயார். ஸ்கிரீனைப் பார்த்த முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, இது என்ன கிலோ? இங்க எல்லாம் தார்க் கணக்குதானே?"

அந்த மண்டியில் வாழை தாராக வந்து தாராக ஏலம் போகிறது. காய் சிறுத்த தார் தனி விலை. விவசாயிக்கு முன்பே கொடுத்த பணம் அன்றைய பில்லில் கழிய வேண்டும். இது எதுவுமே என் குறிப்பில் இல்லை. ஆறு வார வேலை வீண். என் பெயர் அலுவலகத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அடுத்த மாதம் சென்னையில் பிசினஸ் அனலிஸ்டுகளுக்கான ஒருநாள் மாநாடு. அலுவலகத்தில் அனுப்புவார்கள் என்ற நம்பிக்கை இல்லாததால் சொந்தக் காசில் கட்டணம் கட்டி, ஸ்ரீரங்கத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால், காலையில் நடந்த இரண்டு உரைகளில் ஒன்றில் தூங்கிவிட்டேன். எனக்கு வேண்டியது டீ இடைவேளையில் கிடைத்தது. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரிகளுக்கு சாப்ட்வேர் செய்பவர் ஒருவர், என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "முதல் நாள் நான் லேப்டாப்பே எடுத்துட்டுப் போக மாட்டேங்க. ஓரமா உக்காந்து பார்ப்பேன். கிளம்பறப்ப அவங்க சிட்டையைப் போட்டோ எடுத்துக்குவேன். சிட்டையில எத்தனை கட்டம் இருக்குதோ, அத்தனையும் ஸ்கிரீன்ல இருக்கோணும்" என்றார்.

எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இதைப் படித்ததில்லை. திரும்பி வந்து, விடியற்காலை நான்கு மணிக்கு மண்டியில் போய் உட்கார்ந்தேன். சிட்டையில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. என் ஸ்கிரீனில் இருந்தவை நான்கு. மாற்றி எழுதிய சாப்ட்வேர் இப்போது மூன்றாம் ஆண்டாக ஓடுகிறது.

ஒரு மண்டிக்கு நடந்தது இது. ஒரு மொழிக்கே இப்படி நடந்திருக்கிறது என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

1990களில் தமிழில் டைப் செய்ய ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி கீபோர்டு அமைப்பும் தனித்தனி எழுத்துருவும் வைத்திருந்தன. தட்டச்சு படித்தவர்களுக்கு ஒரு பழக்கம், ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைத்தவர்களுக்கு வேறு பழக்கம். இங்கே டைப் செய்த கடிதத்தை, அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கோணல்மாணலான குறிகள்தாம் தெரியும். அவரவர் அறையில் உட்கார்ந்து நல்ல சாப்ட்வேர் எழுதினாலும் இது தீராது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. வெவ்வேறு நாடுகளில் தமிழுக்காக சாப்ட்வேர் எழுதியவர்கள் ஒரே இடத்தில் கூடி விவாதித்தார்கள். சென்னை மாநாட்டின் விளைவுதான் தமிழ்99 கீபோர்டு. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அப்போது பரிந்துரைத்த டேம், டேப் என்ற எழுத்துருத் தரங்களின் இடத்தை இன்று யூனிகோட் பிடித்துவிட்டது. பழைய தட்டச்சு முறையும் ஒழியவில்லை. ஆனாலும் தமிழ்99 நிலைத்து நிற்கிறது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் தமிழ்99 தேர்ந்தெடுத்துப் பாருங்கள். உயிரெழுத்துக்கள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். முதல் ம-வுக்குப் புள்ளியைக் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும். தமிழில் ஒரே மெய் இரட்டித்து வருவது எவ்வளவு அதிகம் என்பதைக் கவனித்தவர்கள் செய்த ஏற்பாடு இது. ஈரோட்டுக்காரர் சிட்டையைப் பார்ப்பதும் இதுவும் ஒரே வேலைதான்.

பிசினஸ் அனலிஸ்டுகளுக்கு உலக அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 2003இல் கனடாவில் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. அதன் சான்றிதழ் பெற்றவர்கள் அதைப் புதுப்பிக்க, தொடர்ந்து கற்றதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மாநாட்டில் கழித்த நேரமும் அதில் சேரும். வேலை தேடுபவர்களுக்கு அங்கே நாலு பேர் அறிமுகம் கிடைப்பதும் உண்மைதான்.

ஆனால் எல்லா மாநாட்டுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். சில மாநாடுகளில் ஸ்பான்சர் செய்த நிறுவனங்களின் விளம்பரத்தைத்தான் நாள் முழுவதும் கேட்க வேண்டியிருக்கும். பேசுபவர்கள் பட்டியலை முதலில் பாருங்கள். தாங்கள் செய்த வேலையைப் பற்றி, அதுவும் தோற்ற கதையைப் பற்றிப் பேசுபவர் இரண்டு பேராவது இருந்தால் போகலாம். போகும்போது உங்களைக் குழப்பும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் பேச்சைத் தொடங்க அது உதவும்.

2022இல் தமிழ் இணைய மாநாடு தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அப்போது நான் வெறும் புரோகிராமர், நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அடுத்தது பக்கத்தில் எங்காவது நடந்தால் மண்டி முதலாளியையும் கூட்டிக்கொண்டு போவதாக உத்தேசம். சிட்டையைக் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.