டைமன் மீனும் பொய்யிரைத் தூண்டிலும்



நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுவோர் மண்புழுவை முள்ளில் கோத்து, ஈயக்குண்டைக் கட்டி வீசுவர். குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இன்று நான் எடுத்துரைக்கப் புகும் முறையில் புழுவும் இல்லை, குண்டும் இல்லை. இறகையும் மயிரையும் முள்ளின்மேல் நூலாற் சுற்றி, பூச்சி போலவோ சிறுமீன் போலவோ செய்த பொய்யிரையே உண்டு.

வகுப்பில் நான் மாணவர் ஒருவரிடம் கோழி இறகைக் கொடுத்து, எதிர்ச்சுவரை நோக்கி எறியச் சொல்வதுண்டு. எவ்வளவு வலித்து எறிந்தாலும் அது காலடியிலேயே விழும். அவ்வாறாயின், இறகாற் செய்த இரை ஆற்றின் நடுவே செல்வது எங்ஙனம்? இம்முறையில் கனம் நரம்புக்கே உண்டு என்பதே விடை. தடித்த அந்நரம்பைக் கோலால் முதலில் பின்னோக்கி வீசுவர். அது முதுகுக்குப் பின்னே நேராக நீளும்வரை ஒரு கணம் பொறுப்பர். பிறகு முன்னோக்கி வீசும்போது நரம்பின் கனம் கோலை வில்லென வளைக்கும். கோலைச் சட்டென நிறுத்தினால் அது நிமிரும். நரம்பு சுருளவிழ்ந்து முன்னே ஓடும். இரை அதனைத் தொடர்ந்து சென்று நீரில் அமரும்.

சிறு மீன்களுக்கே இது தகும் என எண்ணிவிடாதீர்கள். மங்கோலியாவின் வடபகுதி ஆறுகளில் டைமன் என்னும் மீன் வாழ்கிறது. சால்மன் குடும்பத்தில் இதுவே மிகப் பெரியது; 30 கிலோவுக்கு மேலும் வளரும். பிற மீன்களை விழுங்குவதோடு, ஆற்றை நீந்திக் கடக்கும் எலியையும் அது விடுவதில்லை. ஆதலின் மான்மயிரால் எலியுருச் செய்து நீர்மேல் இழுப்பர். அம்மயிரின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் அது மிதக்கும்.

இம்மீனைப் பற்றி நாம் கவலைகொள்ளக் காரணம் உண்டு. ஆண்டிற் பல மாதங்கள் பனி மூடிய ஆற்றில் வாழ்வதால் டைமன் மிக மெதுவாக வளர்கிறது. பல ஆண்டுகள் கழித்தே முட்டையிடுகிறது. 30 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்கிறது. முதிர்ந்த மீன் ஒன்றைக் கொன்றால், அதன் இடத்தை நிரப்பப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே மங்கோலியாவில் விளையாட்டுக்காக இதனைப் பிடிப்போர் உரிமம் பெறுதலும், பிடித்த மீனை ஆற்றிலேயே விடுதலும் விதியாகும்.

விடுவதிலும் முறை உண்டு. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் கூரை முன்னரே நசுக்கிவிடுவர். முள் எளிதிற் கழன்றுவிடும். வலிய கோலால் விரைந்து கரைசேர்ப்பர். நெடுநேரம் போராடிய மீன், நீந்திச் சென்றபின்னும் இறக்கக்கூடும். உடலின் வழுவழுப்பான பூச்சு நோய் தடுக்கும் கவசமாதலால், நனைத்த கையாலேயே தொடுவர். காற்றில் செவுளின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறுமாதலால், மீனை நீரிலேயே வைத்திருப்பர்.

இத்தனை செய்தும் மீனுக்குத் துன்பமன்றோ என்று நீங்கள் கேட்கலாம். துன்பமே. ஆயினும் தூண்டிலுக்கு வருவோர் செலுத்தும் கட்டணம் ஆற்றைக் காப்போர்க்கு ஊதியமாகும்போது, உயிருள்ள மீனுக்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. முள்ளைக் கழற்றும் அச்சிறு பொழுதில் கை பதறாதவரே அம்மதிப்பைக் காப்பவர். வீசத் தெரிந்தவர் பலர். விடத் தெரிந்தவரையே நான் நல்ல தூண்டிற்காரர் என்பேன்.