ஐவரின் பெயர், ஒருத்தியின் உழைப்பு



“மகள் படிக்கிறாள், குழு வேலையாம்” என்று இஷாவுக்குப் பின்னும் கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் விட்டுவைக்கிறீர்கள். அந்தக் குழுவில் என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

நான் வகுப்பாசிரியராக இருக்கும் பத்தாம் தரத்தில் ஐந்து மாணவிகளுக்கு ஒரு செயற்றிட்டம் கிடைத்தது. தமது சுற்றாடலில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைக் கண்டறிந்து எழுத வேண்டும். உடனே வட்ஸ்அப்பில் குழு அமைத்தார்கள். அறிக்கையும் அழகாக வந்தது. ஆனால், “பூச்சாடித் தட்டை ஏன் வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும்?” என்று கேட்டபோது நால்வர் தலைகுனிந்தனர். தட்டின் ஓரத்தில் முட்டைகள் ஒட்டியிருக்கும், அவை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் செல்லும் என்ற விளக்கம் அவர்களது அறிக்கையிலேயே இருந்தது!

விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. ஒருத்தியே வீடு வீடாகச் சென்று பார்த்து, இரவிரவாக விழித்திருந்து எழுதியிருக்கிறாள். மற்றவர்கள் “சரி”, “நன்றி” என்று பதில் போட்டிருக்கிறார்கள். இடையில் டிக்டொக் காணொளிகளும் பெருநாள் உடுப்புப் படங்களும் வந்து குவிந்திருக்கின்றன. “ஏன் மகள் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னால் என்னை ஒதுக்கிவிடுவார்கள் ஹஸரத்” என்று அழுதாள்.

இந்தக் குறை தொலைபேசியோடு பிறந்ததல்ல. பிரான்ஸ் நாட்டு விவசாயப் பொறியியலாளர் ரிங்கெல்மன், கயிறு இழுக்கும் சோதனையின் முடிவுகளை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரின் பங்கும் தனியே இழுத்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கயிற்றிலாவது கை தெரியும். வட்ஸ்அப்பில் ஒரு “சரி” போட்டாலே உழைத்ததுபோல் தோன்றிவிடுகிறது.

அதற்காகத் தொலைபேசியை முற்றாகப் பழிக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது இதே வட்ஸ்அப் மூலம்தான். நேரம் குறிக்கவும் படம் அனுப்பவும் அது நல்ல துணை. ஆனால் அனுப்பிய தாள் வேறு, படித்த பாடம் வேறு.

இதற்கு வழியுண்டு. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் 1971இல் உளவியலாளர் எலியட் அரொன்சன் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பது. ஒவ்வொருவரும் தம் துண்டைப் படித்து மற்றவர்களுக்குக் கற்பிப்பது. அடுத்த தவணையில் நாமும் அவ்வாறே செய்தோம். ஒருத்தியின் பகுதியைப் பற்றி மற்றவளிடம் கேள்வி கேட்டோம். எவராலும் ஒளிந்திருக்க முடியவில்லை.

வீட்டில் உங்கள் பங்கு இதுதான்: குழுவில் மகளின் பகுதி எது என்று கேளுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது தோழியர் நேரில் கூடியிருந்து பேச இடம் கொடுங்கள். அந்நேரம் தொலைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். முடிந்த பின், முழு வேலையையும் தாளைப் பாராமல் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அதிகம் படித்திருக்கத் தேவையில்லை, “ஏன்?” என்று கேட்டால் போதும்.

செய்யாத வேலைக்குப் பெயர் போடுவது அமானிதத்துக்கு மாறானது. அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை தனியே சுமப்பவளாக இருந்தால், வாய் திறக்கத் துணிவும் கொடுங்கள்.