அட்வான்ஸ் கொடுத்த வீடு நம்முடையதா?

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் மஹல்லா இளைஞர் ஒருவர் வந்தார். "ஹஜரத், ஒரு வீட்டை 32 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாத அக்ரிமெண்ட் போட்டிருக்கிறேன். இன்னொருவர் 41 லட்சம் தரத் தயாராக இருக்கிறார். பத்திரத்தை நேராக அவர் பெயருக்கே போட்டுவிடலாம். இந்த 9 லட்சம் ஹலால்தானே?" என்று கேட்டார்.

விற்பவர் யார் என்று கேட்டேன். கணவரை இழந்து, இத்தா முடிந்து இரண்டு மாதமே ஆன ஒரு சகோதரி.

இன்று நம் ஊர்களில் பல இளைஞர்கள் இறங்கியிருக்கும் தொழில் இது. அக்ரிமெண்டைக் கைமாற்றி விடுவது ஒரு வகை. பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து விற்பது இன்னொரு வகை. வீடு, மனை வியாபாரம் அடிப்படையில் ஆகுமானதே. ஆனால் எதை விற்கிறோம், எப்படி விற்கிறோம் என்பதில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன.

கையில் இல்லாததை விற்பது

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளை வாடிக்கையாளர் கேட்டால், அதை விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். இது திர்மிதீ, அபூதாவூத் போன்ற நூல்களில் பதிவாகியுள்ளது.

அக்ரிமெண்ட் போட்டவுடன் வீடு நம்முடையதாகி விடுகிறதா? நாட்டின் சட்டம் இல்லை என்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் செய்யப்படும் "விற்பனை" உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் தீர்ப்பளித்தது.

மார்க்கச் சட்டத்தில் இங்கு ஒரு நுட்பம் உண்டு. அசையாச் சொத்தை வாங்கியவர், அதைக் கைவசம் பெறுவதற்கு முன்பே விற்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஆகியோரின் கருத்து. இமாம் முஹம்மது, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரிடம் அது கூடாது. ஆனால் அந்தச் சலுகைகூட வியாபாரம் பேசி முடிந்த சொத்துக்குத்தான். "இத்தனை மாதத்துக்குள் கிரயம் செய்து தருகிறேன்" என்ற அக்ரிமெண்ட் பெரும்பாலும் வாக்குறுதியே. வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை விற்க முடியாது.

சந்தை விலை தெரியாதவரிடம்

சரக்கு கொண்டுவரும் வியாபாரக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்தால், வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் முஸ்லிமில் உள்ளது. விலை தெரியாதவரின் அறியாமை லாபமாகக் கூடாது என்பதே இதன் கருத்து.

கடனில் தவிப்பவர், விதவை, வெளிநாட்டில் இருப்பவர் ஆகியோரைத் தேடிப்பிடித்து அவசரப்படுத்தி வாங்குவதைத் தொழில் ரகசியமாகச் சொல்லித் தருகிறார்கள். குறைந்த விலைக்கு வாங்குவது தவறல்ல. விலையை மறைத்து வாங்குவதுதான் தவறு. விலையை ஏற்றுவதற்காக, வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவரை ஏலம் கேட்க வைப்பதும் ஹதீஸில் தடுக்கப்பட்ட செயலே.

ஆகுமான வழிகள்

ஒன்று, வெளிப்படையான தரகு. தரகுக் கூலியில் தவறில்லை என்று தாபியீன்களில் பலர் கூறியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். கூலி எவ்வளவு, யார் தருவது என்பது முன்பே பேசப்பட வேண்டும். "எனக்கு இத்தனை வந்தால் போதும், அதற்கு மேல் வருவது உனக்கு" என்று உரிமையாளரே சொல்லி விற்கச் சொன்னால், அதை இப்னு அப்பாஸ் (ரலி) அனுமதித்ததும் அதே இடத்தில் உள்ளது. ஆயினும் கூலி தெளிவாக இல்லை என்பதால் ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. தொகையையோ சதவீதத்தையோ சொல்லிவிடுவதே பேணுதல். ரெரா பதிவு தேவைப்படும் மனை, அடுக்குமாடித் திட்டங்களில் தரகு பார்ப்பவர் தாமும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டு, நம் பெயரில் கிரயம் செய்து, பழுதுபார்த்து விற்பது. இதில் கணக்கு முக்கியம். 40 லட்சத்துக்கு வாங்கினால், தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 3.60 லட்சம் போய்விடும். மராமத்து 3 லட்சம், தரகு 40 ஆயிரம் என்றால் அடக்கவிலை 47 லட்சம். 50 லட்சத்துக்கு விற்றாலும் விற்பனைத் தரகும் வருமான வரியும் போக மிஞ்சுவது சொற்பமே. அந்த 40 லட்சமும் வட்டிக்கு எடுத்ததாக இருந்தால் மார்க்கமும் போய், லாபமும் போகும்.

மூன்று, கூட்டு முதலீடு. லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று பேசிக்கொள்ளலாம். நஷ்டம் அவரவர் போட்ட முதலின் அளவுக்கே. "மாதம் இத்தனை ஆயிரம் உறுதி" என்றால் அது வட்டியே.

கையெழுத்துக்கு முன்

• மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

• வாரிசுச் சொத்தென்றால் பெண் மக்கள் உட்பட அனைவரும் கையெழுத்திட வேண்டும். சகோதரியின் பங்கை மறைத்து விற்ற வீட்டில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

• வக்ஃப் சொத்தா என்று ஜமாஅத்திலும் வக்ஃப் வாரியத்திலும் விசாரியுங்கள். வக்ஃபை விற்கவும் வாங்கவும் கூடாது.

• சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். வங்கி வழியாகவே கொடுங்கள்.

• வியாபாரம் முறிந்தால் அட்வான்ஸ் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஹன்பலி மத்ஹபில் விற்பவர் அதை வைத்துக்கொள்ளலாம். மற்ற மூன்று மத்ஹபுகளிலும் திருப்பித் தர வேண்டும்.

• விற்கும் நோக்கத்தில் வாங்கிய வீடும் மனையும் வியாபாரச் சரக்கே. ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் 2.5 சதவீதம் ஸகாத் உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை.

அந்த இளைஞர்

அவரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். வீடு இன்னும் உங்களுடையதல்ல. அந்தச் சகோதரிக்கு 41 லட்சம் என்று தெரிந்தால் 32க்குச் சம்மதிப்பாரா என்று உங்கள் உள்ளத்தையே கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, அந்தச் சகோதரியின் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வந்தார். உண்மை விலையைச் சொல்லிவிட்டாராம். பழைய அக்ரிமெண்டை ரத்து செய்து, வாங்குபவருக்கு நேரடியாக 41 லட்சத்துக்குக் கிரயம் ஆனது. இவருக்கு 2 சதவீதத் தரகாக 82 ஆயிரம் கிடைத்தது. 9 லட்சம் எங்கே, 82 ஆயிரம் எங்கே என்று வீட்டில் சிலர் திட்டியதாகவும் சொன்னார்.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த ஹதீஸை அறிவிப்பவரும் அதே ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள்தாம். அந்த இளைஞருக்கு நான் ஆறுதலாகச் சொன்னதும் இதையே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கைத் தருவானாக! ஆமீன்.